பட்டாயாவிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நம்ம ஊர்க் கரையில் ரிசார்ட் கட்ட இடம் கேட்கிறார்கள், தாய்லாந்தின் பட்டாயாவும் ஒரு காலத்தில் மீனவர் ஊராமே, பார்த்துவிட்டுச் சொல் என்றீர்கள். வாட்ஸ்அப்பில் அடங்காது, அதனால் கடிதம்.

பீச் ரோட்டில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டல், மசாஜ் கடை, பஞ்சாபிச் சாப்பாடு. ஒரு காலத்தில் படகு ஏற்றிய மணல் என்று சொன்னால் நம்ப முடியாது. 1959-ல் வடகிழக்குத் தாய்லாந்தின் கோராட் நகரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுக்க இங்கே வந்தார்கள் என்று சொல்கிறார்கள். அப்புறம் வியட்நாம் போர். பக்கத்து உதபாவ் தளத்திலிருந்து பி-52 விமானங்கள் குண்டு போடப் பறந்தன. லீவு கிடைத்தவர்கள் பட்டாயாவில் செலவழித்தார்கள். போர் முடிந்தும் கடைகள் மூடவில்லை. 1978-ல் ஊருக்குத் தனி நகர நிர்வாகமே வந்துவிட்டது. கடலழகுதான் ஊரை வளர்த்தது என்பார்கள். எனக்கென்னவோ சிப்பாய்ச் சம்பளம்தான் என்று படுகிறது.

அந்தக் கடற்கரையும் அரித்து ஒடுங்கிப்போய், சில வருடம் முன்பு வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டி அகலமாக்கினார்கள்.

சரி, மீனவர்கள் எங்கே? வடக்கே நக்லுவா பக்கம் போனால் பார்க்கலாம். அங்கே லான் போ சந்தையில் நாள் முழுக்க நின்றிருப்பீர்கள். இறால், கணவாய், நீலக்கால் நண்டு, முட்டைக்காக வாங்கும் குதிரைலாட நண்டுகூட உண்டு. நண்டு விற்ற அம்மா ஒன்றைப் புரட்டி, கட்டை விரலால் வயிற்றை அழுத்திச் சதை இருப்பதைக் காட்டினார். அத்தை செய்வது அப்படியே! எடை போட்டு வாங்கி, பக்கத்துக் கடையில் கொஞ்சம் காசு கொடுத்தால் சுட்டுத் தருகிறார்கள். கடலோர மரநிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டேன். வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள்தான், அதுவும் குடும்பத்தோடு.

ஆக, சுற்றுலாக்காரன் காசு மீன்காரர் கைக்கும் வரத்தான் செய்கிறது. சந்தையும் படகுத்துறையும் இருக்கிற இடத்தில் மட்டும். பீச் ரோட்டில் படகு ஏற்ற ஓர் அடி மணல் கிடையாது.

அதனால் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வேலை தருவார்களா என்பதைப் பிறகு கேளுங்கள். படகு ஏற்ற எவ்வளவு கரை, கருவாடு காயப்போட எந்த இடம், கடலுக்கு இறங்க எந்த வழி, இந்த மூன்றையும் வரைபடத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்