போ ஐலண்ட் புல்வெளிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், போ ஐலண்ட் அருகே சுமார் 16,000 ஏக்கர் அரசுப் புல்வெளி 2010-ல் உருளைக்கிழங்குச் சாகுபடிக்குக் கைமாற இருந்தது. ஏலமும் இல்லை, டெண்டரும் இல்லை. எதிர்ப்பு வலுத்ததும் வாங்க வந்தவர்கள் விலகினார்கள். 2011-ல் அரசு மறுபடி விற்பனைக்கு விண்ணப்பம் கோரியது, அதுவும் நின்றது. இரண்டு முறையும் கடிதம் எழுதியவர்களுக்கும், சட்டமன்ற உறுப்பினர்களைப் போனில் விடாமல் பிடித்தவர்களுக்கும் நன்றி.

'சும்மா கிடக்கிற தரிசுதானே' என்ற பேச்சுக்குப் பதில் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே வளை ஆந்தை பெரும்பாலும் தானாக வளை தோண்டாது. தரையணிலோ, வளை தோண்டும் விலங்கான பேட்ஜரோ விட்டுப்போன வளையில்தான் முட்டையிடும். ஏர் ஓடினால் வளையும் போச்சு, ஆந்தையும் போச்சு. உழுத பிரெய்ரி, அதாவது இயற்கைப் புல்வெளி, பல பத்தாண்டு கழித்தும் பழையபடி ஆவதில்லை.

மேய்ச்சல் குத்தகைக்காரர்களுக்குத் தனி நன்றி. பைசன் என்னும் காட்டெருது மந்தைகள் மேய்ந்து வளர்ந்த புல் இது. அளவோடு மாடு மேய்வதால் கெடாது.

அடுத்து, தென்கிழக்கு ஆல்பர்ட்டாவில் வேலி மாற்ற வந்த தன்னார்வலர்கள். அங்கே வாழும் மான் போன்ற பிராங்ஹார்ன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வேலியைத் தாண்ட மட்டும் தயங்கும், அடியில்தான் நுழையும். முள்கம்பி முதுகு முடியைச் சீவிவிட்டால் குளிர்காலத்தில் அந்த இடம் உறைந்து புண்ணாகும். அதனால் கம்பியைத் தூணில் பிடித்திருக்கும் யூ வடிவ ஆணிகளைப் பிடுங்கி, அடி முள்கம்பியைக் கழற்றி, முள்ளில்லாத இரட்டைக் கம்பியைத் தரையிலிருந்து 18 அங்குலத்தில் கட்டினீர்கள். தூணருகில் மட்டும் அளந்தால் போதாது. நடுவில் மேடு இருந்தால் இடைவெளி குறையும், பள்ளம் இருந்தால் மாட்டுக் கன்று வெளியே போகும். இரண்டு தூணுக்கு நடுவிலும் டேப் பிடித்தவர்களின் பொறுமைக்கு என்ன கைம்மாறு செய்வது!

வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு வந்தவர்களையும் மறக்கவில்லை. 1930-களின் வறட்சியில் மண்ணைப் பிடித்துவைக்க விதைத்த கிரெஸ்டட் வீட்கிராஸ் என்ற வெளிநாட்டுப் புல் இன்று நாட்டுப் புல்லை நெருக்கித் தள்ளுகிறது. டயர் சேற்றில் ஒட்டிய விதையே அதற்குப் போதும்.

கடைசியாக, எல்லோரும் கிளம்பிய பிறகும் வேலியோரம் காந்தத்தை இழுத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு. புல்லோடு ஆணியை விழுங்கும் மாட்டுக்கு இரைப்பை கிழியும். நீங்கள் பொறுக்கிய ஒவ்வொரு ஆணிக்கும் நன்றி.