2005-இல் கிளாஸ்கோவில் விருது கொடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் தரும் ஹியூகோ விருதின் வாக்காளர்களே,

2005-இன் சிறந்த நாவல் என்று சுசன்னா கிளார்க்கின் 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' நாவலைத் தேர்ந்தெடுத்தீர்கள். முதல் நாவல், ஏறக்குறைய 800 பக்கம். நான் தாமதமாகத்தான் படித்தேன், அதுவும் இரண்டு முறை பாதியில் மூடிவைத்த பிறகு.

விருது சரிதான். என் புகார் வேறு. புத்தகத்தை என் கையில் கொடுத்தவர், உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான், "முதல் இருநூறு பக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடு, அப்புறம் வேகமெடுக்கும்" என்றார். அந்த வேகத்துக்காகக் காத்திருந்துதான் இரண்டு முறை தோற்றேன்.

அந்த இருநூறு பக்கத்தில் என்ன இல்லை? 1806-இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் மந்திரவாதிகள் சங்கம் ஒன்று. மந்திரத்தைப் பற்றி வாசிப்பார்கள், கட்டுரை படிப்பார்கள், செய்ய மட்டும் மாட்டார்கள். நிஜமாகவே மந்திரம் தெரிந்த நோரல் அதைச் செய்து காட்டினால் சங்கத்தைக் கலைத்துவிடுவதாக, செகண்டஸ் ஒருவரைத் தவிர எல்லாரும் கையெழுத்திடுகிறார்கள். நோரல் அந்தப் பக்கமே வரவில்லை. வீட்டில் இருந்தபடியே தேவாலயத்துச் சிலைகளைப் பேசவைக்கிறார். அதில் ஒரு சின்னச் சிலை, பல நூறு ஆண்டுகளுக்கு முன் தன் கண்ணெதிரே கொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியே புலம்புகிறது. அவள் கூந்தலில் ஐவிக் கொடியின் இலைகள். பார்த்த சாட்சி கற்கள் மட்டும்தான்.

கல் பேசிவிடுகிறது. பின்னால் வரும் 'லேடி போல்' என்ற பெண்ணால் பேச முடியவில்லை. செத்தவளை எழுப்ப, அவள் ஆயுளில் பாதியை நோரல் ஒரு தேவதை இனத்தானுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறார். இரவெல்லாம் அவன் மாளிகையில் நடனம். பகலில் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் சம்பந்தமில்லாத ஏதோ கதைதான் வருகிறது. எல்லாரும் பைத்தியம் என்கிறார்கள். முதல் பக்கங்களைத் தாண்டியவருக்கு இந்த வலி பாதிதான் கிடைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. படைத்தளபதி வெலிங்டனோடு ஸ்பெயினில் இன்னொரு மந்திரவாதியான ஸ்ட்ரேஞ்ச் அடிக்கும் கூத்தில் பாதியை வெட்டலாம். பெண்களை அந்த நடன மண்டபத்திலேயே விட்டுவிட்டு ஆண்கள் இருவரும் சண்டை போடும் நேரமும் அதிகம். அடிக்குறிப்புகளை மட்டும் தொடவிட மாட்டேன். தொலைந்த நூல்களின் பெயரை உரையாசிரியர்கள் வழியாகவே தெரிந்துகொண்ட தமிழ் வாசகனுக்கு, இல்லாத நூல்களை மேற்கோள் காட்டும் இந்த விளையாட்டு தனி ருசி.

இனி யாருக்காவது இதைக் கொடுத்தால், கற்கள் பேசும் மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்துக் கொடுங்கள். அதுவே பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பாவம்.

இப்படிக்கு,
மூன்றாம் முறை முடித்தவன்