விண்கலங்களை வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்கலங்களை வரையும் ஓவியர்களுக்கும், திரையில் பறக்கவிடும் இயக்குநர்களுக்கும், விளையாட்டுகளில் வடிவமைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கலங்களைப் பார்த்து வளர்ந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். கூரிய மூக்கு, சாம்பல் நிற உடல், பின்னால் நீல ஒளி என்று ஏன் திரும்பத் திரும்ப அதே கலம்? பொறியாளர்கள் கணக்குப் போட்டு வரைந்து வைத்த வடிவங்கள் ஏன் கதைகளில் தலைகாட்டுவதே இல்லை?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கலத்தின் வெப்பத்தை வெளியே வீசும் பலகைகளான ரேடியேட்டர்களை நீங்கள் வரையாததுதான். விண்வெளி குளிரானது, கலம் தானாகக் குளிர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சுற்றிலும் காற்று இல்லாததால் கலம் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி வெப்பத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். கதிர்வீச்சாக வெளியேற்றுவது ஒன்றே வழி, அதற்குப் பெரிய பரப்பு வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் படத்தை எடுத்துப் பாருங்கள். பொன்னிறச் சூரியத் தகடுகளுக்கு இடையே, மடிப்பு மடிப்பாக விரிந்த வெள்ளைப் பலகைகள் தெரியும். உள்ளே அம்மோனியா ஓட, விளிம்பைச் சூரியன் பக்கம் காட்டியபடி அவை திரும்பிக்கொண்டே இருக்கும். ஆராய்ச்சி நிலையத்துக்கே இவ்வளவு வேண்டுமென்றால், அணுக்கரு இணைவில் ஓடும் கலத்துக்கு எவ்வளவு வேண்டும்! கெல்வின் அளவில் வெப்பநிலை இரட்டிப்பானால் பலகை வீசும் வெப்பம் 16 மடங்காகும். அதனால் எஞ்சின் ரேடியேட்டர்களை முடிந்த அளவு சூடாகவே ஓட்டுவார்கள். இருட்டில் செக்கச்செவேலென்று ஒளிரும் பிரம்மாண்டமான பலகைகள்! இப்படி ஒரு காட்சியை யாராவது வேண்டாம் என்பார்களா?

வேண்டாம் என்றிருக்கிறார்கள். 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யின் டிஸ்கவரி கலத்துக்கு ஆரம்ப வரைவுகளில் ரேடியேட்டர்கள் இருந்தன. இறக்கை மாதிரி தெரிகிறது, காற்றில்லாத இடத்தில் இறக்கை எதற்கு என்று பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். அறிவியலில் அவ்வளவு அக்கறை காட்டிய படத்துக்கே இந்தக் கதி. அப்புறம் வந்த எத்தனையோ கலங்களுக்கு நிஜ இறக்கைகளே முளைத்தன, ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பயத்தை இனியாவது விட்டுவிடலாம்.

சில தயக்கங்கள் எனக்கும் புரிகின்றன. எழுத்தாளர் சார்லஸ் பெல்லெக்ரினோ முன்வைத்த வால்கைரி என்ற விண்மீன் கல வடிவமைப்பில் எஞ்சின் முன்னால் இருக்கும். மனிதர்கள் கதிர்வீச்சுக்கு எட்டாத தூரத்தில், நீண்ட வடத்தின் மறுமுனையில் இழுபட்டு வருவார்கள். தள்ளுவதைத் தாங்கும் தூணைவிட இழுப்பதைத் தாங்கும் வடம் எடை குறைவு என்பதால் அந்த ஏற்பாடு. ஆனால் முழுக் கலத்தையும் திரையில் காட்டினால் ஒரு நூல்தான் தெரியும். 2009-ல் 'அவதார்' படம் இந்த யோசனையைத் தழுவிய ஒரு கலத்தை, சிவந்த ரேடியேட்டர்களோடு காட்டியது. கொஞ்ச நேரம்தான் என்றாலும் மனம் நிறைந்தது.

எரிபொருள் தொட்டிகளும் அப்படித்தான் காணாமல் போகின்றன. பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி 1973 முதல் 1978 வரை வடிவமைத்த டீடலஸ் கலத்தின் எடை சுமார் 54,000 டன். அதில் 50,000 டன் எரிபொருள். கலம் என்றாலே தொட்டிகள்தான்! அவ்வளவு இருந்தும் அதன் இலக்கான பார்னார்ட் விண்மீன் அருகே போய் நிற்க முடியாது, கடந்து போய்விடும். நினைத்த இடத்தில் நிற்கும் கலம் வேண்டும் என்பது கதையின் தேவை, அதை நான் குறை சொல்லவில்லை.

தளங்கள் விஷயத்தில் மட்டும் சமாதானம் செல்லாது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும் கலத்தில் 'கீழே' என்பது எஞ்சின் இருக்கும் பக்கம். ஆகவே அறைகள் மாடிமேல் மாடியாக நிற்க வேண்டும். நீங்களோ கடற்கப்பலைப் போல நீளவாக்கில் தளம் போடுகிறீர்கள். செட் போட அதுதான் வசதி என்கிறார்கள். சுழன்று ஈர்ப்பைத் தரும் வளையத்துக்குச் செலவு அதிகம் என்றால் ஒப்புக்கொள்வேன். நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமியின் ஈர்ப்பு கிடைக்கவே சுமார் 224 மீட்டர் ஆரம் வேண்டும். ஆனால் மாடிகளுக்கு என்ன செலவு? சாதாரண அறைகளும் ஒரு ஏணியும் போதும்.

சரி, ஒரே ஒரு காட்சியாவது கேட்கிறேன். பாதி வழியில் எஞ்சின் அணைகிறது. எல்லோரும் மிதக்கிறார்கள், குவளையிலிருந்து நீர் உருண்டையாகக் கிளம்புகிறது. கலம் மெதுவாகத் தலைகீழாகத் திரும்பி, வேகத்தைக் குறைக்க மறுபடி எஞ்சினை எரிக்கிறது. அதே தரை திரும்பவும் தரையாகிறது. இதை அவசரமில்லாமல் முழுசாகக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்