பொங்கல் முடிந்ததும் சுவரைத் தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளி வியாபாரம் சூடு பிடிப்பதற்குள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் பாரிமுனைச் சந்துகளிலும் கடைக்குக் கடை சாரம் ஏறிவிடும். புரட்டாசியில் அடித்த பெயிண்ட் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொப்பளித்து, தை பிறப்பதற்குள் தோல் உரிந்து தொங்கும். பெயிண்டரைத் திட்டுவார்கள், கம்பெனியை மாற்றுவார்கள். கோளாறு பெயிண்டுக்கு அடியில், சிமெண்ட் பூச்சில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் காலம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. மழை ஈரம் அப்போதுதான் சுவரை விட்டு இறங்கியிருக்கும்; கத்திரி வெயிலும் வந்திருக்காது.

இதை முகப்பு அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு சதுர அடிப் பூச்சு, 20 மி.மீ. கனம் என்றால், ஏறக்குறைய 4 கிலோ இருக்கும். இரண்டாம் மாடி சன்ஷேடுக்குக் கீழே நடைபாதைக் கடைகளும் கூட்டமும் இருக்கிற தெருக்கள் நம்முடையவை.

சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சின்னச் சுத்தியலும் சாக்பீஸும் போதும். சுவரைப் பிடித்திருக்கும் பூச்சைத் தட்டினால் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். பிடிப்பு விட்ட இடத்தில் 'டொப்' என்று காலிப்பானை மாதிரி சத்தம் வரும். அந்த எல்லையை சாக்பீஸால் வளைத்துக்கொள்ளுங்கள். முதலில் தட்ட வேண்டியவை சன்ஷேடின் அடிப்பக்கம், கைப்பிடிச்சுவரின் கீழ், மழைநீர்க் குழாயின் இரு பக்கம், ஜன்னல் அடி. உள்ளங்கை அளவுக்குள், விரிசல் இல்லாமல் இருந்தால் அடுத்த வருடம் வரை விட்டுவைக்கலாம். நடைபாதைக்கு மேலே என்றால் அதையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

விரிசல் எங்கே ஓடுகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். சிலந்தி வலை போல மெல்லிசாகப் பரவியிருந்தால் சிமெண்ட் அதிகம், அல்லது பூசிய பிறகு தண்ணீர் காட்டியது போதவில்லை. பீமுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே நேர்கோடாக ஓடினால் அந்த இணைப்பில் கோழிவலை வைக்காமல் பூசியிருப்பார்கள். செங்கல் ஒரு விதமாகவும் கான்கிரீட் ஒரு விதமாகவும் வெயிலுக்கு விரியும். சன்ஷேடு விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கறையோடு வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலுக்கு இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டினால் அது கொத்தனார் விஷயம் இல்லை. பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

ஒட்டுப்பூச்சு ஏன் ஒரே வருடத்தில் விழுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிடிப்பு விட்ட இடத்தை உளியால் கண்டபடி கொத்தி எடுத்தால் விளிம்பு சரிவாக, மெல்லிசாக நிற்கும். புதுப்பூச்சு அந்த மெல்லிய விளிம்பில்தான் முதலில் பிளக்கும். சாக்பீஸ் கோட்டுக்கு 2 அங்குலம் வெளியே, கட்டிங் மெஷினால் சதுரமாக, விளிம்பு நேர்க்குத்தாக இருக்கும்படி வெட்ட வேண்டும். செங்கல் தெரியும் வரை எடுத்து, செங்கல் இடைவெளிச் சாந்தை 10 மி.மீ. ஆழம் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தூசியைக் கழுவ வேண்டும். முந்தின நாள் மாலை சுவரை நன்றாக நனைத்துவிட்டால், பூசும்போது செங்கல் ஈரமாக இருக்கும், ஆனால் தண்ணீர் வடியாது. அதுதான் பதம். லேடெக்ஸ் (ஒட்டுவதற்கான ரப்பர் பால் போன்ற திரவம்) கலந்த சிமெண்ட் பால் அடிப்பதாக இருந்தால் அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பூச வேண்டும். காலையில் அடித்துவிட்டு, டீ குடித்து, மதியம் பூசினால் காய்ந்த அந்தப் படலமே பூச்சைச் சுவரோடு ஒட்டவிடாமல் தடுக்கும்.

கலவையில் அடிப்பூச்சுக்கு சிமெண்ட் 1-க்கு மணல் 4, 12 மி.மீ. கனம். அதைக் கம்பியால் கீறிவிட்டு, இறுகிய பிறகு மேல்பூச்சு 1-க்கு 5, சுமார் 8 மி.மீ. மேலே இருப்பது அடியில் இருப்பதைவிட வீரியமாக இருக்கக் கூடாது. ஒரு மூட்டை சிமெண்ட் 1¼ கன அடி என்பதால் 1-க்கு 4 என்றால் 5 கன அடி மணல், 1-க்கு 5 என்றால் 6¼ கன அடி. பாண்டு (சாந்துச் சட்டி) கணக்கில் போட்டால் குவித்த பாண்டும் தலைதட்டிய பாண்டும் ஒன்றாகிவிடும். 1¼ கன அடிப் பெட்டி ஒன்று அடித்து வைத்துக்கொள்வது நல்லது. பூச்சுக்கென்று சலித்துக் கழுவிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கேட்டு வாங்குங்கள். தண்ணீர் விட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இறுகின சாந்தில் மறுபடி தண்ணீர் தெளித்து மிதித்துக் குழைப்பதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். கடைசியில் வழவழப்புக்காகச் சிமெண்டைத் தூவித் தேய்ப்பதும் வேண்டாம். சிலந்தி வலை விரிசலுக்கு அதுவே விதை.

அடுத்தது தண்ணீர். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடலை ஒட்டிய பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கம்பி உள்ள கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. கம்பி இல்லாததற்கு 2000 வரை போகலாம். சன்ஷேடு, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) மேல் பூசும் சாந்துக்கு முதல் கணக்கையே பிடியுங்கள். வேடிக்கை என்னவென்றால், கலவைக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் லாரி வரும். அதன் பிறகு பூச்சு இறுகுவதற்காக ஏழு நாள் சுவரில் அடிப்பது போர்த் தண்ணீராக இருக்கும். சுவர் காயும்போது அந்த உப்புதான் வெள்ளையாகப் பூக்கிறது. பூத்த உப்பைக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்வதைத் துணியில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். ஆசிட் ஊற்றுவது சுவருக்கும் கேடு, கம்பிக்கும் கேடு.

துருப்பிடித்த சன்ஷேடு தனி வேலை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் கான்கிரீட் தானாகப் பிளந்துகொள்கிறது. வெளியே தெரியும் கம்பிக்கு மேலே சாந்து அப்பினால் அடுத்த மழையில் இன்னும் பெரிய துண்டாக விழும். கம்பிக்குப் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு உடைத்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் இரண்டு மூன்று படியாக நிரப்ப வேண்டும். கம்பி கால் பங்கு தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டிவரும். அதற்குப் பொறியாளர் கணக்குப் போட வேண்டும். சன்ஷேடு அடியில், விளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே, விரல் நுனி அகலத்தில் ஒரு பள்ளம் நீளவாக்கில் ஓடும். மழைநீர் அதைத் தாண்டிச் சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். பெயிண்டர்கள் 'ஃபினிஷிங்' என்று சொல்லி அதைப் பட்டியால் அடைத்துவிடுகிறார்கள். ஜன்னலுக்கு மேல் ஓதம் என்று புகார் வந்தால் முதலில் அண்ணாந்து அந்தப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிண்ட் தெரு, தம்புச்செட்டித் தெரு போன்ற ஜார்ஜ் டவுன் தெருக்களின் பழைய கட்டடங்களுக்கு மேலே சொன்ன கலவை ஒன்றும் பொருந்தாது. இந்தியாவில் சிமெண்ட் முதன்முதலாகத் தயாரானதே 1904-இல், அதுவும் நம் சென்னையில். அதற்கு முந்தைய சுவர்களும் பிறகு எழும்பிய பல சுவர்களும் நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. அவை ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல், ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய பூச்சு பொரிந்து, செங்கலே மாவாக உதிரத் தொடங்கும். ஆணியால் கீறிப் பாருங்கள். சாந்து வெண்மையாக, மெத்தென்று உதிர்ந்தால் சுண்ணாம்பு. அங்கே தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறவைத்த நீறிய சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் 2 முதல் 3 பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்து, மெல்லிய படிகளாகப் பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலரவிட வேண்டும். மேலே சுண்ணாம்படி மட்டும்தான். ரப்பர் மாதிரி நீளும் வாட்டர்புரூஃப் பெயிண்டை இந்தச் சுவர்களில் அடிப்பது மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வேர்ப்பது மாதிரி. இந்த வேலை தெரிந்த கொத்தனார் குறைவு, கூலியும் கூடுதல். ஆனால் சிமெண்டை அப்பிவிட்டுப் பிறகு செங்கல் மாற்றுகிற செலவோடு அதை ஒப்பிட முடியாது.

மற்றவை சில்லறை வேலைகள். போர்டு மாட்ட துளை போட்டால் சுற்றிலும் சீலண்ட் வையுங்கள். கடற்காற்றில் சாதா போல்ட் ஒரே வருடத்தில் சுவரெல்லாம் கறை இழுக்கும். ஏ.சி. தண்ணீர் சுவரில் சொட்டாமல் குழாய் விட்டு இறக்குங்கள். குழாயோரம் முளைத்த அரசங்கன்றை ஒடித்தால் போதாது. பூச்சைப் பிரித்து வேரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரட்டிப்பாய்த் துளிர்க்கும். ஏ.சி.பி. ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) போட்டு முகப்பை மூடுகிறவர்கள் அதற்கு முன் பின்னால் இருக்கும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மூடுங்கள், அடியில் தண்ணீர் வடிய வழியும் விடுங்கள்.

புதுப்பூச்சுக்கு 28 நாள் ஆன பிறகே பெயிண்ட். சந்தேகமாக இருந்தால் ஓர் அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர் முத்து கோத்தால் பிரைமர் டப்பாவைத் திறக்காதீர்கள்.

இந்த வருடம் சாரம் ஏற்கெனவே ஏறிவிட்டது என்றால், நடைபாதைக்கு மேலிருக்கும் தொங்கல் பூச்சையும் தளர்ந்த கான்கிரீட்டையும் மட்டும் தட்டி இறக்கிவிட்டு, செங்கல் தெரியும் இடத்தில் ஒரு கை சிமெண்ட் பால் அடித்து நிறுத்திக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவர் என்றால் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு. பாக்கியைத் தையில் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு சீரியல் லைட் தொங்கவிட்டால் அந்தத் திட்டு யார் கண்ணிலும் படாது.

கட்டடப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை