ரேழி வரை வரலாம்

கும்பகோணம் அருகே,
அரசலாற்றங்கரை.
ஆனி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணம் இல்லை. உன் மருமகன் வாங்கிக் கொடுத்த சேமிப்பகப் பெட்டி அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்றும், "உன்னுடையதை நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று எழுது, பிறகு பிரிக்கிறேன்" என்றும் கேட்டிருந்தாய். நான் வைத்திருந்த லட்சணத்தை எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போதுதான் வெளியில் சொல்லும்படி ஆகியிருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. அரசலாற்றில் தண்ணீர் ஓடுகிறது. போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை நட்டு முடித்துவிட்டார்கள். மேட்டூரை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் இப்போதுதான் சேறு கலக்குகிறார்கள். ஜூன் 12 அணை திறப்பு என்று காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது நமக்கு ஒரு பழக்கம். அணைக்கு அந்த வட்டம் தெரியாது. உங்கள் தலைஞாயிறு கடைமடை, அங்கே எப்போது வந்து சேருமோ! வந்ததும் எழுது.

பெட்டி வாங்கியதே உன்னை நினைத்துத்தான். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு உன்னைப் பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஓடு போன கூடத்தில் கொடி கட்டி, துணி காயப்போடுவது போல உன் அப்பாவின் கிரயப் பத்திரங்களைக் கிளிப் மாட்டிக் காயப்போட்டிருந்தாய். முத்திரைத்தாளின் மை பக்கத்துத் தாளில் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து எங்கள் பீரோவைத் திறந்து பார்த்தேன். ஆனால் பார்த்ததோடு சரி. அண்ணன் இறந்து, பாகப்பிரிவினைக் காகிதங்கள் எல்லாம் என் தலையில் விழுந்த பிறகுதான் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன்.

வீட்டு வலையில் செருகிவிட்டு எல்லோரும் கோப்பு வைத்துக்கொள்ளும் இந்தப் பெட்டிக்கு நாஸ் (NAS) என்று பெயர். 'நல்ல பெயராக வைக்கத் தெரியவில்லையா, நாசம் என்பது போல இருக்கிறதே' என்று வீட்டில் முதல் நாளே சொன்னாள். அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ!

உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும், ஆகவே நமக்குக் கிடைப்பது 8 இல்லை, 4தான். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். இதைக் கேட்டதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. இனி எதுவும் தொலையாது என்று நினைத்தேன். நாமே அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும் என்பது மண்டையில் ஏறவில்லை.

பெட்டியை ரவுட்டரில் செருகி, நிர்வாகி என்ற ஒரே பயனரை உண்டாக்கி, கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நானும் அதுதான், வீட்டிலும் அதுதான், லீவுக்கு வந்த மகளும் அதுதான், கூடத்துத் தொலைக்காட்சியும் அதுதான். ஒரு மத்தியானம் ஏழு வயதுப் பேரன் என் மடியில் உட்கார்ந்து யானைப் படம் தேடினான். விரல் லேசாக இழுபட்டது. 'பத்திரங்கள்' என்ற கோப்புறை 'யானை' என்ற கோப்புறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று நாள் தேடினேன். கண்டுபிடித்ததும் பையனைக் கோபித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே எனக்கு வந்தது பலன். இரவு பதினொரு மணி, இரட்டைக் கோப்புகளைக் கழிக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, நகல் என்று நினைத்து 'நிலம்' முழுவதையும் அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்று நான்தான் அழுத்தினேன். கணினியில் இருப்பதை அழித்தால் அதன் குப்பைத்தொட்டியில் கிடக்கும். வலை வழியாக இன்னொரு பெட்டியில் இருப்பதை அழித்தால் அந்தத் தொட்டிக்கு வராது, நேரே போய்விடும். பெட்டியிலேயே பகிர்வுக்கென்று தனிக் குப்பைத்தொட்டி உண்டு, ஆனால் அதை நாம்தான் இயக்கி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. மூலப் பத்திரங்கள் பீரோவில் இருந்ததால் பிழைத்தேன். 214 பக்கம், ஒவ்வொன்றாக மறுபடியும் கண்ணாடி மேல் வைத்து எடுத்தேன். பழைய பத்திரத்தை மடிப்பு உடையாமல் பிரித்து மூடி, பிரித்து மூடி, விரல் நுனியெல்லாம் தூசி.

அந்த நான்கு நாளில் யோசித்தேன். முப்பத்தோரு ஆண்டு வங்கியில் காசாளராக இருந்தவன் நான். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று மேலாளரிடம், ஒன்று என்னிடம். அவரும் தனியாகத் திறக்க முடியாது, நானும் முடியாது. அதை நாங்கள் ஒருநாளும் அவமானமாக எண்ணியதில்லை. உண்மையில் அது நிம்மதி; ஒரு ரூபாய் குறைந்தாலும் என் ஒருவன் தலையில் விழாது. அப்படி வேலை பார்த்தவன் வீட்டில் மட்டும் சாவியை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்!

ஆகவே பயனர், குழு, அனுமதி என்று முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். உனக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். தொலைக்காட்சிக்கும் ஒரு பயனர். அது படங்களைப் படிக்கலாம், வேறெதையும் தொடக்கூடாது. ஆளுக்கு ஆள் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தால் விடியாது. குழுவுக்குக் கொடுத்துவிட்டு ஆளைக் குழுவில் சேர்ப்பதே வழி. 'பங்காளிகள்' என்று ஒன்று, 'பிள்ளைகள்' என்று ஒன்று. பங்காளிகள் என்று பெயர் வைத்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது, வம்பும் அதில்தான் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் அடி இங்கே. பிள்ளைகள் குழுவுக்கு 'நிலம்' கோப்புறையில் 'அணுகல் இல்லை' என்று போட்டேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்க என்னையே அந்தக் குழுவில் சேர்த்துக்கொண்டேன். பார்த்தேன், வேலை செய்தது. என்னை நீக்க மறந்துபோனேன். மறுநாள் பங்காளியாகிய எனக்கு என் நிலத்தைப் பார்க்க அனுமதி இல்லை! ஒருவன் இரண்டு குழுவில் இருந்து, ஒன்று தரலாம் என்றும் மற்றது கூடாது என்றும் சொன்னால், 'கூடாது' தான் ஜெயிக்கும். நூறு பேர் சரி என்று சொன்னாலும் ஒருவர் மறுத்தால் நின்றுபோகும், நம் குடும்பக் கல்யாணப் பேச்சு மாதிரி. அதனால் இப்போது மறுப்பு என்று எதையுமே போடுவதில்லை. அனுமதி கொடுக்காமல் விட்டாலே போதும், கதவு மூடித்தான் இருக்கும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது, ஒரு சாயங்காலம் முழுவதையும் தின்றது. வீட்டில் அவள் பெயரில் நுழைந்து அவளுக்கு எது தெரிகிறது என்று பார்க்க நினைத்தேன். என் விண்டோஸ் கணினியில் எல்லாக் கோப்புறையும் திறக்கின்றன. அனுமதியே வேலை செய்யவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் கலைத்துக் கலைத்துப் போட்டேன். விஷயம் என்னவென்றால், விண்டோஸ் ஒரு பெட்டியுடன் ஒரே நேரத்தில் ஒரு பெயரில்தான் பேசும். ஏற்கெனவே என் பெயரில் இணைந்திருந்ததால் என்னையே உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. பழைய இணைப்பை 'நெட் யூஸ்' கட்டளையால் துண்டித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. நீ இந்தச் சோதனையை மனைவியின் கைபேசியிலிருந்து செய், வம்பே இல்லை.

இந்தப் பெட்டி விண்டோஸ் கணினிகளோடு பேசுவது சாம்பா என்ற மென்பொருளால். அண்ணி வந்திருந்தபோது, 'என்ன தம்பி, ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறதே' என்று கேட்டாள். சாம்பா சரியாக ஓடவில்லை என்றேன். 'குறுவையே இன்னும் ஆகவில்லை, அதற்குள் சம்பாவா?' என்றாள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் 1990களின் தொடக்கத்தில் எழுதியது அது. கோப்புப் பகிர்வு முறைக்குச் சுருக்கப் பெயர் எஸ், எம், பி. அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி எடுத்த பெயராம். நம் நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை.

அனுமதியின் அடிப்படை எண்கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று இலக்கம். 750 என்றால் உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்குப் படிப்பதும் நுழைவதும், மற்றவருக்குச் சுழியம். கோப்புறையை 'இயக்குவது' என்றால் என்ன என்று இரண்டு நாள் குழம்பினேன். பிறகு நம் பழைய வீட்டை நினைத்துப் பார்த்தேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை. ரேழியைக் கடந்து போகலாம் என்பது ஓர் அனுமதி. ரேழியில் என்னென்ன வைத்திருக்கிறது என்று சுற்றிப் பார்க்கலாம் என்பது வேறு அனுமதி. கூடத்துக்கு வரச் சொன்ன ஆளை ரேழியில் மறித்தால் கூடத்து அனுமதியை வைத்து அவன் என்ன செய்வான்? என் மகளுக்குப் புகைப்படம் திறக்காததற்கு இதுதான் காரணம். உள் கோப்புறைக்கு அனுமதி கொடுத்திருந்தேன், வெளிக் கோப்புறையில் வழி விடவில்லை.

இன்னொன்று உனக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பில் இல்லை, அது இருக்கும் கோப்புறையில் இருக்கிறது. பழைய மின்கட்டண ரசீது ஒன்றை யாரும் எழுத முடியாதபடி 444 என்று பூட்டினேன். கட்டளை வரியில் போய் அழிக்கச் சொன்னேன். 'பூட்டியிருக்கிறதே, பரவாயில்லையா' என்பது போல ஒரு கேள்வி கேட்டுவிட்டு அழித்துவிட்டது. நோட்டில் எழுத முடியாதவனும் அலமாரி கையில் இருந்தால் நோட்டையே தூக்கி எறியலாம்.

இப்போது வம்பு. அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பங்காளிகள் குழுவில் அவனைச் சேர்த்து, 'நிலம்' கோப்புறையில் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தேன். பட்டா நகல் கோப்பின் பெயரை மாற்ற முயன்றிருக்கிறான் போல, முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கேட்டான்: "என்ன சித்தப்பா, எனக்குப் பார்க்க மட்டும்தானா? நான் என்ன நிலத்தையா விற்றுவிடுவேன்?" அண்ணி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அப்பா இருந்திருந்தால் அவர்தான் நிர்வாகியாக இருந்திருப்பார், நான் பார்க்க மட்டும் உள்ளவனாக இருந்திருப்பேன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

விளக்கம் சொல்ல வாய் வரவில்லை. கை கழுவிவிட்டு அவனைக் கணினி முன் உட்கார வைத்தேன். என் கண் முன்னாலேயே, என் பெயருக்கும் அந்தக் கோப்புறையில் பார்க்க மட்டும் என்று மாற்றச் சொன்னேன். புதிய காகிதம் வந்தால் போட 'வரவு' என்று ஒரு கோப்புறை. அதில் பங்காளிகள் யாரும் போடலாம். மாதம் ஒருமுறை இரண்டு பேரும் பேசி, நிர்வாகிப் பெயரில் நுழைந்து உள்ளே மாற்றுவோம். நிர்வாகிக் கடவுச்சொல்லின் முதல் பாதியை நான் தட்டினேன், மறுபாதியை அவன் தட்டினான். நான் திரும்பிக்கொண்டேன். அவன் பாதியை ஓர் உறையில் போட்டு ஒட்டி அண்ணியிடம் கொடுத்தான், என் பாதி பீரோவில். "வங்கிப் புத்தி போகவில்லையே சித்தப்பா" என்றான். ஆறிப்போன மீதிச் சோற்றை இருவரும் சாப்பிட்டோம்.

இதில் எனக்கு ஒரு லாபம் உண்டு. இரவு பதினொரு மணிக்குத் துப்புரவு செய்யும் ஆசை வந்தால் இனி பெட்டி என்னை விடாது.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். குப்பைத்தொட்டியை இயக்கிவிட்டேன், தினம் ஒருமுறை ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகள் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு, எடுக்கிறது. தனியாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து திருச்சியில் மகள் வீட்டில் வைத்திருக்கிறேன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அது ஊர் வந்து புதுப்பித்துக்கொண்டு போகும். ரவுட்டரில் வெளியுலகுக்கு வழி திறக்கவில்லை. என் பழைய ஸ்கேனர் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பில்தான் பேசுவேன் என்கிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீய மென்பொருள் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டையில் புகுந்துதான். அதற்காகக் கதவைத் திறக்க மாட்டேன், பென் டிரைவில் எடுத்து வந்து போட்டுக்கொள்கிறேன். உன் பெட்டியிலும் அதை அணைத்தே வை. விருந்தினர் பயனர் இருந்தால் அதையும்.

கடைசியாக வீட்டுக் கதை. அவளுக்கென்று தனிக் கோப்புறை கொடுத்தேன், வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "உங்களுக்கு?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நிர்வாகி நினைத்தால் எந்தக் கோப்புறைக்கும் தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம், அதுதான் உண்மை. சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மகளிடம் போனில் கேட்டு, கோப்பைத் தன் மடிக்கணினியிலேயே கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிறகு பெட்டியில் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். தினம் பகல் இரண்டு மணிக்கு ஏதோ எழுதுகிறாள். சமையல் குறிப்பா, கணக்கா, என்னைப் பற்றியா, தெரியவில்லை. சேமிப்பிடக் கணக்கில் அளவு மட்டும் தெரிகிறது; நேற்று 38 மெகாபைட், இன்று 41.

ஆடிப்பெருக்குக்கு வந்துவிடு, பெட்டியையும் பிரிக்காமல் அப்படியே எடுத்து வா. காலையில் ஆற்றுக்குப் போய்விட்டு வந்து, சித்திரான்னம் சாப்பிட்டு, மத்தியானம் உட்காரலாம். வரும்போது உன் வீட்டில் யார் யாருக்கு என்னென்ன தெரியலாம் என்று ஒரு தாளில் எழுதி வா. அதை எழுதத்தான் உனக்கு நேரமாகும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்