நெல் வயலில் நன்மை செய்யும் நாவாய்ப்பூச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடப்பாடி அருகே மேட்டூர் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறேன். சென்ற ஆண்டு தூர்களில் சின்னஞ்சிறு பச்சைப் பூச்சிகள் ஓடுவதைக் கண்டு, தத்துப்பூச்சி என்று எண்ணி, மருந்துக்கடையில் கொடுத்த செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மருந்தை அடித்தேன். சில வாரங்களில் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது. நான் கொன்றவை, தூரில் சாற்றை உறிஞ்சிப் பயிரை இப்படித் தீய்க்கும் புகையான் என்ற பூச்சியின் முட்டைகளை உறிஞ்சி அழிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சிகள் என்பதைப் பிறகே அறிந்து மிகவும் வருந்தினேன்.

பச்சைத் தத்துப்பூச்சி இறக்கைகளைக் கூரைபோல் மடித்திருக்கும், தொட்டால் பக்கவாட்டில் நகர்ந்து தாவும். மிரிடோ மெலிந்த உடலும் கருந்தலையும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்டு, இறக்கைகளை முதுகின்மேல் தட்டையாகப் படிய வைத்திருக்கும். புகையான் நீர்மட்டத்தை ஒட்டித் தூரிலேயே ஒண்டியிருப்பதால், வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. பயிரை விலக்கிக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பால் பிடிக்கும் மணிகளைப் பதராக்கும் கதிர் நாவாய்ப்பூச்சியையோ அதன் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தாரும் வேளாண் துறையினரும் கதிர் வெளிவருவதற்கு முன்பே வயலில் இறங்கி இப்பூச்சிகளை நேரில் காட்டித்தர வேண்டும் என்றும், மருந்துக்கடைகளில் இவற்றின் வண்ணப் படங்களை வைக்கச் செய்ய வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
எடப்பாடி, சேலம் மாவட்டம்.