மலையேறும் முன் ஆயில் விஷயம்

மாப்ள,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஊட்டிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது என்ற வரியை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அவன முதல்ல ஸ்வெட்டர் வாங்கச் சொல்லு" என்றார். இருபத்திரண்டு வருஷம் திருப்பூர் வெயிலில் இருந்துவிட்டு, சரியாக உறைபனி விழத் தொடங்கும் டிசம்பரில் வந்து இறங்குகிறாய். எங்கள் கேத்தியில் இப்போதே காலையில் புல் மேல் பனி வெள்ளையாகப் படிய ஆரம்பித்துவிட்டது. கேரட் எடுத்து முடித்தாகிவிட்டது, விலை பரவாயில்லை. மகள் கோவையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். நீ கேட்ட பைக் இன்ஜின் ஆயில் விஷயத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் அடிபட்டவன்.

பல்சரை லாரியில் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டே வரப்போவதாக எழுதியிருக்கிறாய். ஒருவர் "ஊட்டி குளிருக்குத் தண்ணி மாதிரி மெல்லிசான ஆயில்தான் வேணும், 5டபிள்யூ போடு" என்கிறார், இன்னொருவர் "மலை ஏறும்போது இன்ஜின் கொதிக்கும், இருக்கிறதிலேயே கெட்டியானதைப் போடு" என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டாய். இரண்டு பேரும் பாதி சரி. இங்கே வண்டி ஓட்டுகிறவனுக்குக் குளிரும் சூடும் ஒரே நாளில் வரும். விடியற்காலை ஊட்டியில் இரண்டு மூன்று டிகிரியில் ஸ்டார்ட் செய்து, ஐம்பது கிலோமீட்டர் இறங்கி, மத்தியானம் மேட்டுப்பாளையம் வெயிலில் காய்ந்து, சாயங்காலம் அதே பாதையில் செகண்ட் கியரிலும் தேர்ட் கியரிலுமாக ஏறி வருவோம். 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,240 மீட்டர் வரைக்கும். அதனால் ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உன் மேனுவலில் 20டபிள்யூ-50 என்று போட்டிருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். அதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய ஆயில் குளிரில் சுலபமாக ஓடும். பின்னால் இருக்கும் எண், ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 20டபிள்யூ என்று போட்ட ஆயிலே மைனஸ் 20 டிகிரியிலும் பம்ப் இழுக்கிற பதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தரத்தின் கணக்கு. 10டபிள்யூ என்றால் மைனஸ் 30. ஊட்டியில் எவ்வளவு மோசமான ஜனவரி விடியலிலும் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இறங்கும். அப்படியிருக்க 5டபிள்யூவுக்கு ஓட வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. 20டபிள்யூ காலையில் கொஞ்சம் கனமாக இருக்கும், மேலே வால்வைத் திறக்கிற கேம் வரைக்கும் போய்ச்சேரக் கூடுதலாகச் சில நொடி எடுக்கும், அதுவும் உண்மைதான். அதற்கு, ஸ்டார்ட் செய்ததும் முறுக்காமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு, முதல் ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் போதும்.

என் ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30. அதைப் பார்த்து "நீ அங்கேயே இருக்கிறவன், உன் வண்டியில் போடுவதையே நானும் போடுகிறேன்" என்று கிளம்பிவிடாதே. உன் இன்ஜின் வேறு, அதன் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் வேறு, கூடவே அது காற்றிலேயே குளிர வேண்டிய இன்ஜின். மேட்டுப்பாளையம் தாண்டி வரும் பர்லியாருக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் மெதுவாக ஏறும்போது காற்று அதிகம் கிடைக்காது, சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது பின்னால் இருக்கிற 50தான். உன் வண்டியைச் செய்தவர்கள் சொன்ன எண்களை மாற்றாதே.

இப்போது நான் அடிபட்ட கதை. இந்த எண்களை விட முக்கியமானது டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், அதை அன்றைக்கு நான் படிக்கவில்லை. 2016 டிசம்பர் என்று நினைவு. மச்சான் காருக்கு வாங்கிய ஆயிலில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது, விலை கூடிய ஃபுல்லி சிந்தெடிக். நல்ல பொருள்தானே என்று எடுத்துக்கொண்டு போனேன், ஒர்க்ஷாப்பில் இருந்தவரும் யோசிக்காமல் ஊற்றிவிட்டார். நாலு நாள் வண்டி பட்டு மாதிரி ஓடியது. ஐந்தாம் நாள் அப்பாவை மேட்டுப்பாளையத்தில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வரும்போது, பர்லியார் தாண்டி ஒரு வளைவில் முறுக்குகிறேன், இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. கருகின வாசனை. கண்ணில் மருந்து விட்டு எதுவும் சரியாகத் தெரியாத அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு" என்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. அந்தப் பேருந்திலேயே அவரைக் குன்னூருக்கு ஏற்றிவிட்டு, நான் வண்டியை ஃபர்ஸ்ட் கியரில் விட்டு விட்டு ஏற்றிக்கொண்டு வந்து சேர இருட்டிவிட்டது.

காரணம் எளிது. காரில் கிளட்ச் வெளியே உலர்ந்த இடத்தில் இருக்கும். நம் கியர் வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும், கியர்ப் பெட்டிக்கும் அதே ஆயில்தான். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று பல கார் ஆயில்களில் வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்ப்பார்கள். அது காருக்கு நல்லது. நம் வண்டியில் பிளேட்டும் பிளேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் வழுக்க ஆரம்பித்துவிடும். என் பிளேட்டுகள் அதற்கு முன்பே கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தன, ஆனால் நல்ல ஆயிலில் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஆயிலை வடித்து மாற்றியும் சரியாகவில்லை, பிளேட் செட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே டப்பாவில் நீ தேட வேண்டியது ஜாசோ எம்.ஏ அல்லது எம்.ஏ 2 என்ற குறி. ஜப்பான்காரர்கள் 1998-ல் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்று கொண்டுவந்த தரம் அது. 2006-ல் எம்.ஏ-வை இரண்டாகப் பிரித்தார்கள், அதில் எம்.ஏ 2 கிளட்ச்சுக்கு இன்னும் நல்ல பிடி கொடுக்கும். எம்.பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு, உன் மனைவியின் ஆக்டிவாவுக்கு அதுதான், 10டபிள்யூ-30 எம்.பி. இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வைத்து மாற்றி ஊற்றிவிடாதே. ஏ.பி.ஐ என்ற அமெரிக்கத் தரத்தின்படி எஸ்.எல், எஸ்.எம், எஸ்.என் என்றும் போட்டிருக்கும், எஸ்-க்குப் பிறகு வரும் எழுத்து தள்ளிப்போகப் போகத் தரம் புதியது. மேனுவலில் சொன்னதோ அதற்கு மேலோ இருக்கட்டும், ஆனால் ஜாசோ குறி இல்லாமல் அந்த எழுத்தை மட்டும் நம்பி வாங்காதே.

சாதா மினரல் ஆயிலா சிந்தெடிக்கா என்றும் கேட்டாய். சிந்தெடிக் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், சந்தேகமில்லை. தினமும் மலை ஏறி இறங்குகிறவனாக இருந்தால் போடு என்று சொல்லியிருப்பேன். ஆபீசுக்குப் போய்வர இரண்டும் கலந்த செமி சிந்தெடிக் தாராளம். மிச்சமாகிற காசில் சீக்கிரமாக மாற்று, வண்டிக்கு அதுதான் நல்லது.

சீக்கிரமாக என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, திருப்பூரில் இது உனக்குத் தெரிந்திருக்காது. ஃபிங்கர்போஸ்ட்டில் வீடு, சேரிங் கிராஸ் பக்கம் ஆபீஸ் என்றால், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு இங்கத்திக் குளிரில் இன்ஜின் சரியாகச் சூடே ஆகாது. உள்ளே பெட்ரோல் எரியும்போது உண்டாகிற நீராவி வெளியே போகாமல் ஆயிலிலேயே தங்கும். ரெண்டு மாசம் கழித்து ஆயில் மூடியைத் திறந்து பார், பால் விட்ட காபி மாதிரி ஒரு பசை ஒட்டியிருக்கும். கறுப்பாக இருந்தால் பயப்படாதே, அழுக்கைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது ஆயிலின் வேலை. இந்தக் காபி நிறம்தான் ஆகாதது. அதனால் கிலோமீட்டர் கணக்கு ஆகவில்லை என்றாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடு, வாரம் ஒருநாளாவது வண்டியை நன்றாகச் சூடாக ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை லவ்டேல் வழியாக இங்கே வந்துவிடு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இன்னொன்று, அளவு பார்ப்பது. இந்த ஊரில் சமதளம் கிடைப்பதே கஷ்டம், வீட்டு வாசலில் சரிவில் நிறுத்திப் பார்த்தால் ஆயில் கூடவோ குறைவாகவோ காட்டும். சமமான இடத்தில் நேராக நிறுத்தி, ஓட்டி நிறுத்திய பிறகு இரண்டு மூன்று நிமிஷம் விட்டுப் பார்க்க வேண்டும். மலை இறங்கும்போது கியரிலேயே பிடித்துக்கொண்டு இறங்குவோம் இல்லையா, பழைய இன்ஜினாக இருந்தால் அப்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் ஆயில் உள்ளே இழுக்கும், கீழே போய் முறுக்கினால் நீலப் புகை வரும். அப்படி வந்தால் அளவை அடிக்கடி பார்.

மாற்றின பழைய ஆயிலை மூடி போட்ட கேனில் வைத்து ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடு. இங்கே ஓடையில் விட்டால் கடைசியில் பவானியில் போய்ச் சேரும், அதற்கு முன்னால் எங்கள் தோட்டம் இருக்கிறது. காலி டப்பாவையும் கத்தியால் கிழித்துப் போடு, அதில் கண்டதை நிரப்பி மறுபடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கிளம்பும் நாளுக்கு வருகிறேன். ஆயிலைக் கிளம்புகிற அன்றைக்கு மாற்றாதே. ஒரு வாரம் முன்பே திருப்பூரில் மாற்றி, ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லி, நூறு கிலோமீட்டராவது ஓட்டி, அடியில் ஈரம் தட்டுகிறதா என்று பார்த்துவிடு. கிளட்ச் லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும், கேபிள் இழுத்துக்கொண்டு இருந்தால் எந்த ஆயில் போட்டாலும் பிளேட் வழுக்கும். மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் போடும் பங்க் தரை சமமாகத்தான் இருக்கும், அங்கே ஒருமுறை அளவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு. நான் பர்லியார் வரை இறங்கி வருகிறேன், அங்கே டீ குடித்துவிட்டுச் சேர்ந்தே ஏறலாம். அம்மா உன் ஸ்வெட்டரைப் பற்றி நேற்றும் கேட்டார்.

கேத்தியிலிருந்து,
உன் பழைய பெஞ்சுக்காரன்